ஸோப்ரிஸ்டின் கணக்கு யார் தலையில் விழுகிறது? (‘இன்ஃபெர்னோ’ வில்லனைப் பற்றி, முடிவு உட்பட)

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

டான் பிரவுனின் ‘இன்ஃபெர்னோ’வை 2013ல் வந்த புதிதில் ஒரே மூச்சில் படித்தேன். போன வாரம் மறுபடி எடுத்தேன். புளோரன்ஸ் சந்துகள், வசாரியின் ஓவியத்தில் ஒளிந்திருக்கும் இரண்டே சொற்கள், வெனிஸ், இஸ்தான்புல் என்று அந்த ஓட்டம் இப்போதும் அலுக்கவில்லை. ஆனால் இந்த முறை என்னைத் தூங்கவிடாமல் செய்தது வில்லன்தான். முடிவைப் பற்றியே பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெர்ட்ரண்ட் ஸோப்ரிஸ்ட் ஸ்விட்சர்லாந்துக்காரர், மரபணு விஞ்ஞானி, பெரும் பணக்காரர். காசுக்காகவோ பழிவாங்கவோ அவர் எதையும் செய்யவில்லை. ஜனத்தொகை இப்படியே ஏறினால் காடும் மிஞ்சாது, தண்ணீரும் மிஞ்சாது, கடைசியில் மனித இனமே அழியும் என்று மனதார நம்புகிறார். கதை தொடங்கும்போதே கோபுரத்திலிருந்து குதித்து உயிரை விடுகிறார். அவர் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுப் போன கிருமியைத் தேடித்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். கொள்ளைநோய் என்று நினைத்துத் தேடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அது ஆளைக் கொல்லாத வைரஸ். மூன்றில் ஒருவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்துவிடும், அவ்வளவுதான். அதுவும் கதாநாயகன் லாங்டன் போய்ச் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே உலகம் முழுக்கப் பரவி முடிந்திருக்கிறது. வில்லன் ஜெயித்துவிடுகிறார்.

2013ல் எனக்கு அவர் சொன்னது சரி என்றே பட்டது. யாரும் சாகவில்லையே, நல்ல வழிதானே என்று நண்பனிடம் வாதாடினேன். இப்போது அதை நினைத்தால் திக்கென்கிறது. நாவல் இந்த ஆளை எதிர்க்கிறதா, தலையாட்டுகிறதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காகம்

நான் தலையாட்டுகிற கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடமாக ஏரி, கண்மாய் தூர்வாரும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் நான் சிறுவனாக நீச்சல் பழகிய கண்மாயில் இப்போது பேருந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மனு கொடுத்து, அதிகாரியைப் பார்த்து, கரையைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த பக்கம் வீடு எழும்பிவிடும். அந்த வீட்டைக் கட்டுகிறவனும் பாவம், அவனுக்கும் இடம் வேண்டும். இந்த அலுப்பு உள்ளவனுக்கு ஸோப்ரிஸ்ட் பேசுவது புரியும். ‘ஒரு பொத்தானை அழுத்தினால் பாதிப் பேர் சாவார்கள், அழுத்தாவிட்டால் நூறு வருடத்தில் எல்லோரும் சாவார்கள், அழுத்துவாயா?’ என்ற கேள்வி கதையில் வருகிறதே, அதற்கு நான் உடனே ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதிப் பேரைக் கொல்வது கொடூரம். பிள்ளைப்பேற்றை மட்டும் குறைப்பது அப்படி இல்லையே? ரத்தம் இல்லை, பிணம் இல்லை. சாதி மதம் பார்க்காமல் ஏழை பணக்காரன் எல்லோருக்கும் சமமாக விழுகிறது. இதைவிட நியாயமான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது?

தட்டான்

நான் வைரஸ்களோடு வேலை செய்கிற ஆள். அறிவியல் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஸோப்ரிஸ்ட் பயன்படுத்துவது ‘வெக்டர்’ வைரஸ். இது கற்பனை இல்லை, மரபணு சிகிச்சையில் அன்றாடம் இருப்பது. நோய் தரும் பகுதியை எடுத்துவிட்டு, வேண்டிய மரபணுவை ஏற்றிச் செல்லும் வண்டியாக வைரஸைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த வண்டிகள் உடம்புக்குள் பெருகாதபடி செய்யப்பட்டவை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது. ஸோப்ரிஸ்டின் வைரஸ் காற்றில் பரவ வேண்டும், கருமுட்டை, விந்தணு வரை போய் அடுத்த தலைமுறைக்கும் இறங்க வேண்டும், ஒருவரையும் காய்ச்சலில் படுக்கப்போடக் கூடாது, ஒரே வாரத்தில் உலகம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும். இத்தனையும் சேர்ந்து ஒரு வைரஸில் கிடையாது. கொரோனா 2019 டிசம்பரில் தெரியவந்தது, உலகத் தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11ல். அப்போதும் உலகத்தில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது வந்திருக்கவில்லை.

அப்புறம், நாவலில் வருகிற மாதிரி ஐரோப்பிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கறுப்புச் சட்டை போட்ட துப்பாக்கிப் படை எதுவும் இல்லை. ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்து நோய்த் தரவுகளைத் திரட்டி, நாடுகளுக்கு ஆலோசனை சொல்கிற அலுவலகம் அது.

சரி, வைரஸ் சாத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம். நாவல் வந்தபோது உலகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 பிள்ளைகள். மூன்றில் ஒருவருக்கு இல்லை என்றால் 1.7 ஆகிறது. ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க 2.1 வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1.8. ஸோப்ரிஸ்ட் வந்தால் 1.2. தென்கொரியாவில் 2023ல் 0.72. அங்கே 0.48 ஆகும். அதாவது நூறு பேர் கொண்ட ஒரு தலைமுறைக்கு 24 பிள்ளைகள். அடுத்த தலைமுறையில் அந்த 24லும் மூன்றில் ஒரு பங்கு போகும், ஏனென்றால் இது பரம்பரையாக இறங்குகிற மாற்றம். நிறுத்தும் விசை எங்கேயும் இல்லை. சமமாக விழுகிறது என்று மழைக்காகம் சொன்னார். பிள்ளைகள் மிக அதிகமாகப் பிறக்கும் நைஜருக்கும் கொரியாவுக்கும் ஒரே வெட்டு வெட்டுவது சமம் ஆகாது.

பாதிப் பக்கம்

படம் பார்த்தவர்கள் குழம்ப வேண்டாம். 2016ல் வந்த படத்தில் வைரஸ் கொல்லும் வைரஸ். கடைசி நிமிடத்தில் தடுத்துவிடுவார்கள். நம் இர்ஃபான் கான் வரும் இடங்கள் மட்டும் எனக்கு மனதில் நின்றது. நாவலில் இருந்த ஒரே துணிச்சலான விஷயம் அந்த முடிவு, அதைப் போய் மாற்றி வைத்தார்கள்.

ஏட்டுச்சுவடி

ஸோப்ரிஸ்டின் வாதத்தில் எல்லோரும் சுலபமாக ஏமாறும் இடம் வரலாறு. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவை வாரிக்கொண்டுபோன கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்கு மக்களையாவது கொன்றது. அந்தச் சாவு மந்தையை மெலியவைத்ததால்தான் மறுமலர்ச்சி பிறந்தது என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது.

கவிஞர் தாந்தே 1321ல் இறந்துவிட்டார். ஓவியர் ஜோட்டோ 1337ல். புளோரன்ஸில் புது ஓவியமும் புது இத்தாலிய மொழியும் கொள்ளைநோய்க்கு முன்பே கிளம்பிவிட்டன. கவிஞர் பெத்ரார்க்கா தான் காதலித்த லாராவை 1348ல் அதே நோய்க்குப் பறிகொடுத்தார். நல்ல காலம் பிறந்தது என்று அவர் எங்கேயும் எழுதவில்லை, அழுது அழுது கவிதை எழுதினார். இங்கிலாந்தில் கூலி ஏறியது உண்மைதான். ஏறியவுடன் 1351ல் கூலியை அடக்கச் சட்டம் போட்டார்கள், 1381ல் குடியானவர்கள் கலகத்தில் இறங்கினார்கள். எகிப்தில் அதே நோயில் ஆட்கள் செத்ததால் நைல் வாய்க்கால்களைப் பராமரிக்கக் கைகள் இல்லாமல் பாசனமே சீரழிந்தது. அங்கே மறுமலர்ச்சி வரவில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. ஸோப்ரிஸ்ட் தன் வைரஸை ஒளித்து வைக்கும் இடம் இஸ்தான்புல்லின் நிலத்தடி நீர்த்தேக்கம். 336 தூண்கள், அடியில் கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடக்கும் இரண்டு மெடூசா தலைகள். நேரில் பார்த்திருக்கிறேன், கால் வைத்த இடமெல்லாம் ஈரம், கூரையிலிருந்து சொட்டும் துளி கழுத்தில் விழும். அதைக் கட்டியவர் ஜஸ்டினியன் பேரரசர், 532 வாக்கில். பத்து வருடம் கழித்து, 542ல், அதே நகரத்துக்குப் பெரும் கொள்ளைநோய் வந்தது. கறுப்புச் சாவுக்குக் காரணமான அதே கிருமி என்பதைப் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணு காட்டிவிட்டது. தெருவில் பிணங்களைப் புதைக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு அங்கே எந்த மறுமலர்ச்சியும் பூக்கவில்லை, பேரரசுதான் தளர்ந்தது. தன் கொள்கைக்கு மறுப்பு கல்லாக நிற்கும் இடத்திலேயே அந்த விஞ்ஞானி வைரஸ் பையைக் கட்டிவிட்டுப் போகிறார். நாவல் இதைப் பயன்படுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நெருக்கடி வேளையில் நடுநிலை வகிப்பவர்களுக்கு நரகத்தின் மிக இருண்ட இடம் என்று தாந்தே பெயரில் நாவலில் ஒரு வரி வருகிறதே, அதுவும் தாந்தே சொன்னது இல்லை. அவருடைய காவியத்தில் எந்தப் பக்கமும் சேராதவர்கள் நரகத்தின் வாசலைத் தாண்டியதும் வரும் முற்றத்திலேயே, முதல் வட்டத்துக்கும் முன்னால் இருக்கிறார்கள். குளவிகள் கொட்டக் கொட்ட ஒரு கொடியின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அடி ஆழத்தில், பனியில் உறைந்து கிடப்பவர்கள் துரோகிகள்.

கால்வாய்க்கரை

நான் இந்த இழைக்கு வந்தது வேறு காரணத்துக்காக. ஸோப்ரிஸ்டின் கணக்கை நாவலாசிரியர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது நம் தாத்தாவின் தாத்தாக்கள் மேல் போட்டுப் பார்க்கப்பட்ட கணக்கு.

தாமஸ் மால்தஸ் என்ற ஆங்கிலேயர் 1798ல் ஜனத்தொகை பற்றித் தன் கட்டுரையை எழுதினார். உணவு மெல்ல ஏறும், ஜனத்தொகை தாவி ஏறும், பஞ்சமும் நோயும் சமன் செய்யும். அப்புறம் அவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? ஹெய்லிபரியில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில், பொருளாதாரப் பேராசிரியராக, 1805லிருந்து சாகும்வரை. இந்தியாவை ஆள வந்த இளைஞர்கள் அவர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள்.

1876ல் தாது வருஷப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இதே டெம்பிள் 1873-74ல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிரைக் காப்பாற்றியவர். அதற்காக வீண்செலவு செய்தார் என்று திட்டு வாங்கினார். இந்த முறை கையை இறுக்கிக்கொண்டு வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோகூட இல்லை. பஞ்சத்தின் நடுவிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. மண் விளைவிப்பதைவிட இந்தியர்கள் வேகமாகப் பெருகுகிறார்கள் என்பது லிட்டனின் வாதம். தெற்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்ததாக மதிப்பிடுகிறார்கள்.

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைக் கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவே வெட்டியது அந்தப் பஞ்ச வேலையில்தான். இன்று அதன் மேல் பறக்கும் ரயில் தூண் நிற்கிறது. நான் தினமும் அந்த ரயிலில் போகிறவன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே பார்க்கும்போதெல்லாம் அரை கிலோ தானியத்துக்கு மண் சுமந்தவர்கள் நினைவுக்கு வருவார்கள். ‘உலகத்தில் ஆள் அதிகம்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த அதிகப்படியான ஆள் சொல்கிறவராக இருப்பதில்லை. மால்தஸின் பட்டியலில் மால்தஸ் இல்லை, டெம்பிளின் பட்டியலில் டெம்பிள் இல்லை.

ஏட்டுச்சுவடி

கால்வாய்க்கரை சொன்னதன் அடுத்த அத்தியாயம் 1968. பால் எர்லிக் என்ற அமெரிக்கப் பட்டாம்பூச்சி ஆராய்ச்சியாளர் ஜனத்தொகை வெடிகுண்டு என்று புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயமே டெல்லியில் ஓர் இரவு டாக்சிப் பயணம். தெருவில் மக்கள் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், எங்கு பார்த்தாலும் மக்கள். அப்போதைய டெல்லி நியூயார்க்கைவிடச் சிறிய ஊர். அவர் பார்த்தது ஏழ்மையை, எழுதியது எண்ணிக்கையை. 70களில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று எழுதினார். மூன்று பிள்ளை பெற்ற இந்திய ஆண்கள் எல்லோருக்கும் கருத்தடை செய்யும் யோசனைக்கு அமெரிக்கா ஹெலிகாப்டரும் அறுவைக் கருவிகளும் கொடுத்து உதவியிருக்க வேண்டும் என்றும் எழுதினார்.

அந்த 70களில் இங்கே நடந்தது வேறு. 60களிலேயே விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமையோடு வயலில் நின்றிருந்தார்கள், விளைச்சல் ஏறியது. ஆனால் பயம் மட்டும் தங்கிவிட்டது. நெருக்கடி நிலையில், 1976-77 ஒரே வருடத்தில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். வட மாநிலங்களில் போலீஸ் ஊரைச் சுற்றி வளைத்தது, ஆண்கள் இரவில் கரும்புத் தோட்டத்தில் போய்ப் படுத்தார்கள்.

கரிசல்காடு

எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் வரவில்லை. ஆனால் ‘கேம்ப்’ வந்தது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று பள்ளிச் சுவரில் சிவப்பு முக்கோணம். வாத்தியார்களுக்கும் இத்தனை ஆள் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவர் எனக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர்தான். திரும்பி வந்த அப்பா மூன்று நாள் திண்ணையில் படுத்திருந்தார், யாரிடமும் பேசவில்லை. எனக்கு ஒரு தங்கை வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டது பின்னாளில்தான் தெரிந்தது. இதற்குமேல் எழுத வரவில்லை.

மழைக்காகம்

மேலே எழுதியவர்கள் எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். வரலாறு, கணக்கு இரண்டிலும் நான் சொன்னது தவறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். அந்த ஆளின் வழி தப்பு என்பதால் அவர் பார்த்த காயம் பொய்யாகிவிடாது. கண்மாய் செத்ததும் உண்மை. நம் சினிமாவிலும் இதுதான் நடக்கிறது. 2018ல் வந்த ‘2.0’வில் பறவைகளுக்காக வாழ்ந்த பட்சிராஜன் கைபேசிக் கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொள்ளும் காட்சியில் நான் அழுதேன். அப்புறம் அவரையே ராட்சசப் பறவையாக்கி, ரோபோவை விட்டு அடித்துப்போட்டு, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். சூழலுக்காகப் பேசுகிறவன் என்றால் கடைசியில் பைத்தியம், கொலைகாரன் என்று காட்டிக்கொண்டே இருந்தால், நாளைக்குக் கண்மாய்க்காக மனு கொடுக்கும் என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

தட்டான்

மழைக்காகம், உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் அந்தப் படத்திலும் இதே குறை உண்டு. கோபுரக் கதிர்வீச்சால்தான் குருவி அழிகிறது என்பதற்குச் சரியான நிரூபணம் இல்லை. 2020ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. குஞ்சுக்கு ஊட்டப் புழுப்பூச்சி இல்லை, கூடு கட்டச் சந்து பொந்து இல்லை. ஓட்டு வீடு போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்தால் குருவி எங்கே போகும்? கதைகளுக்கு ஒற்றைக் காரணமும் ஒற்றைத் தீர்வும் வேண்டியிருக்கிறது, வில்லனுக்கும் அதேதான் வேண்டியிருக்கிறது. கண்மாய் வேலை அப்படி இல்லை என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவர்கள் கதையில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 1972ல் சிகாகோவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். பூமியைக் கெடுக்கும் மனித குலத்தைக் கிருமியால் ஒழித்துவிட்டு, தேர்ந்தெடுத்த சிலரை வைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்பது திட்டம். டைபாய்டு கிருமியை வளர்த்துக் குடிதண்ணீரில் கலக்கப் பார்த்தார்கள். பதின்வயது தாண்டாத பிள்ளைகள். தேர்ந்தெடுத்த சிலரில் தாங்களும் இருப்போம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

நிலாமுற்றம்

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ‘மூன்றில் ஒருவருக்குப் பிள்ளை பிறக்காது, அவ்வளவுதான்’ என்று முதல் பதிவில் இருந்தது. அந்த ‘அவ்வளவுதான்’ என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

என் பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. என் அக்காவின் வளைகாப்புக்கு முதல் நாள் இரவு, கூடத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்து, வாங்கி வந்த கண்ணாடி வளையல்களை அளவு வாரியாகப் பிரித்து நூலில் கட்டியது அவர்தான். பச்சையும் சிவப்பும் மாற்றி மாற்றி. ஒன்று கீறல் விட்டிருந்தால் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து ஒதுக்கினார். மறுநாள் எல்லோரும் வரிசையில் நின்று அக்காவுக்கு வளையல் போட்டார்கள். பெரியம்மா வரவில்லை. அடுக்களையில் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குறை யாரிடம் என்று பெரியப்பா ஒருநாளும் பரிசோதனைக்குப் போனதில்லை. மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் நான் கேட்டதில்லை. மலடி என்ற சொல்லைப் பெரியம்மா குழாயடியில் கேட்டிருக்கிறார்.

எங்கள் தெருவில் முப்பது வீடு. ஸோப்ரிஸ்ட் வந்தால் அதில் எத்தனை பெரியம்மா? ஊருக்கெல்லாம் சமமாக விழும் என்று மழைக்காகம் அண்ணன் எழுதியிருந்தார். வைரஸ் சமமாக விழலாம் அண்ணா, பழி சமமாக விழாது.

மழைக்காகம்

நிலாமுற்றம், மன்னித்துவிடுங்கள். நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். உங்கள் பதிவுக்கு முன்னால் அது இருப்பதுதான் சரி.

வைகைக்கரை

‘அவ்வளவுதான்’ என்று எழுதியவன் நான்தான். நிலாமுற்றம், உங்கள் பதிவைப் படித்ததும் நாவலை மறுபடி எடுத்துப் புரட்டினேன். நான் இரண்டு முறையும் தாண்டிப் போயிருந்த ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் எலிசபெத் சின்ஸ்கிக்குக் குழந்தை பிறக்காது. சின்ன வயதில் ஆஸ்துமாவுக்குக் கொடுத்த மருந்தின் விளைவு. வாழ்க்கை முழுக்க அந்தக் குறையைச் சுமந்துகொண்டே வேலை செய்கிறவர். நியூயார்க்கில் இருட்டறையில் ஸோப்ரிஸ்ட் ஜனத்தொகை ஏறுகிற கோட்டைத் திரையில் காட்டிப் பாடம் நடத்துவது இந்தப் பெண்ணிடம்தான்! அவர் செய்யப்போவது என்ன என்று உலகத்தில் உடம்பால் அறிந்த ஒருத்தி எதிரே நிற்கிறாள். ஆசிரியர் அந்த வலியை எழுதியிருக்கிறார், ஆனால் கடைசியில் வைரஸ் இன்னது என்று தெரிந்த பிறகு, அதை ஸோப்ரிஸ்டின் கணக்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. மாற்றிய மரபணுவை மறுபடி மாற்றப்போவது ஆபத்தா, ஸோப்ரிஸ்ட் ஒருவேளை சரியோ என்ற யோசனையில் கதை போய் முடிகிறது. படத்தில் இன்னும் மோசம், சின்ஸ்கியை லாங்டனின் பழைய காதலியாக்கிவிட்டார்கள்.

நாவல் எதிர்க்கிறதா, தலையாட்டுகிறதா என்று கேட்டிருந்தேன். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பேசவிடாமல் முடிகிறது என்று இப்போது தோன்றுகிறது. அந்த இருட்டறைக் காட்சியை இன்று இரவு மறுபடி படிக்கப்போகிறேன், இந்த முறை சின்ஸ்கி உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து.

நிலாமுற்றம்

படித்துவிட்டு எழுதுங்கள். என்னிடம் புத்தகம் இல்லை, நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.